நாகர்கோவில் பக்கத்திலிருந்து மாலத்தீவுக்கு: முதல் முறையாகக் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

"வாசல்ல கடலை வச்சுக்கிட்டு கடல் பார்க்க மாலத்தீவுக்கா போறீங்க?" என்று எங்கள் தெருவில் கேட்காத ஆள் இல்லை. முட்டத்திலும் சொத்தவிளையிலும் கடலைப் பார்க்கலாம், காலை நனைக்கலாம். பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கிவிட்டு நிம்மதியாக நிற்க முடியாது. அலை இல்லாத, கீழே மீன் ஓடுவது தெரிகிற கடலில் என் பிள்ளைகள் குளிக்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை. திருவனந்தபுரத்திலிருந்து மாலத்தீவின் தலைநகர் மாலேவுக்கு விமானத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான்.

அந்த ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு எனக்கு ஐந்து மாத அலைச்சல் ஆனது. பெயர் தவறியதால் ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு முறை பணம் கட்டினோம். இலவசமாக நிரப்ப வேண்டிய படிவத்துக்குக் காசு கொடுத்தேன். கடைசிப் படகு போய்விட்டதால் முதல் ராத்திரி வீணானது. இப்போது யோசித்தால், மாட்டுகிற இடங்கள் பெரும்பாலும் இரண்டுதான்: பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயர், தீவுக்குப் போகிற படகின் நேரம். அறை, சாப்பாடு, சுற்றிப் பார்ப்பது எல்லாம் அதற்கு அப்புறம்தான். நீங்கள் தொடங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் குடும்பம் ஐந்து பேர்: நான், மஸ்கட்டில் வேலை பார்க்கும் கணவர், பதினோரு வயது மகள், ஆறு வயது மகன், 67 வயது மாமியார். கீழே சொல்லும் கணக்கெல்லாம் இந்த ஐந்து பேருக்கானது.

1. முதலில் மாதம்

மாலத்தீவில் காய்ந்த காலம் ஏறக்குறைய டிசம்பர் கடைசி முதல் ஏப்ரல் வரை. மே முதல் நவம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. மழை நாள் முழுக்கப் பெய்யும் என்பதில்லை. ஆனால் காற்று அடித்தால் ஸ்பீட்போட் தூக்கிப் போடும், தண்ணீரும் கலங்கலாக இருக்கும். வயதானவர்களோடு போகிறவர்கள் ஜூன், ஜூலையைத் தவிர்ப்பது நல்லது.

நம் பள்ளிகளுக்கு மூன்று விடுமுறை உண்டு. அரையாண்டு விடுமுறை கிறிஸ்துமஸ், புத்தாண்டோடு சேர்ந்து வருவதால் அப்போது அங்கே விலை உச்சத்தில் இருக்கும். டிசம்பர் 24, 31 இரவுகளில் பல ரிசார்ட்டுகளில் சிறப்பு விருந்துக்குக் கட்டாயக் கட்டணம் உண்டு. அறை வாடகையைப் பார்த்து முடிவு செய்தவர்களுக்கு இது அப்புறம்தான் தெரியவரும். காலாண்டு விடுமுறையில் விலை குறைவு, வானிலை அதிர்ஷ்டம். முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு ஏப்ரலில் போவதுதான் நமக்குத் தோதானது என்பது என் கருத்து.

ரமலான் மாதம் எப்போது வருகிறது என்றும் பாருங்கள். மக்கள் வசிக்கும் தீவுகளில் அந்த மாதம் பகலில் சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும். சின்னப் பிள்ளைகள் கூட இருந்தால் சிரமம்.

2. பாஸ்போர்ட்: மூன்று மாதம் முன்னாலேயே தொடங்குங்கள்

இந்தியர்கள் மாலத்தீவுக்கு விசா முன்கூட்டியே எடுக்க வேண்டாம். சுற்றுலாவுக்கு இறங்கியதும் இலவசமாகத் தருவார்கள். அதனால் "பேப்பர் வேலையே இல்லை" என்று பலர் சொல்வார்கள், நானும் நம்பினேன். விசா வேலைதான் இல்லை. பாஸ்போர்ட் வேலை நிறையவே இருக்கிறது.

கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குப் பெரியவர்களுக்கு 1,500 ரூபாய், பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 1,000 ரூபாய். தட்கலில் எடுத்தால் கூடுதலாக 2,000. புதிதாக எடுக்கும் 8 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. நாங்கள் திருநெல்வேலி சேவா மையத்தில்தான் நேரம் எடுத்தோம். விடுமுறை நெருங்கும்போது நேரம் கிடைப்பது கஷ்டம், அதனால் பள்ளி நாளில் ஒரு நாள் லீவு போட்டுப் போய்விடுங்கள்.

பிள்ளைகளின் பாஸ்போர்ட்டில் எங்களுக்கு வந்த முதல் தடை பிறப்புச் சான்றிதழ். மகனின் சான்றிதழில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. ஆஸ்பத்திரியில் பிறந்ததும் பதிவு செய்தது, அப்புறம் யாரும் பெயரைச் சேர்க்கவில்லை. நம் ஊரில் இது ரொம்ப சாதாரணம், பள்ளியில் சேர்க்கும்போதுகூடச் சில சமயம் கவனிக்க மாட்டார்கள். ஒரு வருடத்துக்குள் என்றால் கட்டணம் இல்லாமல் பெயர் சேர்க்கலாம், அதற்கு மேல் பதினைந்து வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். இன்றைக்கே பீரோவைத் திறந்து அந்தச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். 2023 அக்டோபர் 1-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தை என்றால் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழை மட்டும்தான் ஏற்பார்கள், வேறு வழி கிடையாது.

இரண்டாவது தடை, கணவர் வெளிநாட்டில் இருப்பது. நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பதால் இதை விவரமாகவே சொல்கிறேன். பிள்ளையின் பாஸ்போர்ட்டுக்குத் தாய், தகப்பன் இருவரின் ஒப்புதலும் வேண்டும். ஒருவர் வெளிநாட்டில் இருந்தால், அவர் அங்கே உள்ள இந்தியத் தூதரகத்தில் உறுதிமொழிப் பத்திரத்துக்குச் சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டும். இதற்கு அவருக்கு வேலையில் ஒரு நாள் அனுமதி, கூரியருக்கு ஒரு வாரம் என்று போகும். அவர் லீவில் வந்திருக்கும்போதே பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துவிட்டால் இந்த வேலையே இல்லை.

மூன்றாவது, பெயர். இதற்குத்தான் நாங்கள் அதிகப் பணம் இழந்தோம்.

நமக்கெல்லாம் இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட மாட்டார்கள், அப்பா பெயரையோ கணவர் பெயரையோ விரித்து எழுத வேண்டும். பழைய பாஸ்போர்ட்டுகளில் பலருக்குச் சொந்தப் பெயர் மட்டும் இருக்கும், சர்நேம் கட்டம் காலியாக இருக்கும். என் மாமியாருடையது அப்படித்தான். டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட், சர்நேம் கேட்கிற கட்டத்தில் ஆதாரில் இருந்த இனிஷியலைப் போட்டுவிட்டார். நான் அதைக் கவனிக்கவில்லை. கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது எல்லா டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டோடு வைத்துப் பார்த்தேன், அப்போதுதான் கண்ணில் பட்டது. அது திருத்த முடியாத வகை டிக்கெட். ரத்து செய்து புதிதாக எடுத்தோம்.

நீங்கள் செய்ய வேண்டியது: பாஸ்போர்ட்டில் உங்கள் படம் இருக்கும் பக்கத்தில் கீழே அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும் இல்லையா, அதில் பெயர் எப்படி இருக்கிறதோ அதே எழுத்துகள் டிக்கெட்டிலும் இருக்க வேண்டும். சர்நேம் காலியாக இருந்தால் சில விமான நிறுவனங்கள் சொந்தப் பெயரையே இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும், சில வேறு முறை சொல்லும். டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் அந்த நிறுவனத்துக்கே போன் போட்டுக் கேளுங்கள். ஏஜென்ட் மூலமாக எடுத்தால், பணம் கட்டும் முன் பெயர்ப் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள்.

இரண்டு சின்ன விஷயங்கள். பாஸ்போர்ட்டில் இசிஆர் முத்திரை இருக்கிறதே, போக விடுவார்களா என்று மாமியார் பயந்தார். அந்த முத்திரை, பட்டியலில் உள்ள 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கானது. அந்தப் பட்டியலில் மாலத்தீவு இல்லை. அப்புறம், மாலத்தீவு கேட்பது குறைந்தது ஒரு மாதச் செல்லுபடிதான். ஆனாலும் ஆறு மாதம் மிச்சம் இருந்தால் விமான நிலையக் கவுன்டரில் பேச்சே எழாது.

3. ரிசார்ட் தீவா, ஊர் இருக்கிற தீவா

மாலத்தீவில் தங்க இரண்டு வகை இடம் உண்டு. ஒரு தீவு முழுக்க ஒரே ரிசார்ட் என்பது ஒன்று. தண்ணீர் மேல் கட்டிய குடில் எல்லாம் அங்கேதான். மது கிடைக்கும், உடைக்குக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் தண்ணீர் பாட்டிலிலிருந்து தோசை வரை அவர்கள் சொல்கிற விலைதான், பக்கத்தில் வேறு கடை இருக்காது. அதனால் ரிசார்ட் என்றால் மூன்று வேளைச் சாப்பாடும் சேர்ந்த திட்டமாகவே எடுங்கள்.

இன்னொன்று, மக்கள் வசிக்கும் தீவில் விருந்தினர் விடுதி. மாஃபுஷி, துலுஸ்தூ, உகுல்ஹாஸ், திகுரா போன்றவை இந்த வகை. அங்கே பள்ளிக்கூடம், பள்ளிவாசல், மளிகைக் கடை, ஏடிஎம் எல்லாம் உண்டு. மது கிடையாது. நீச்சல் உடையில் குளிக்கத் தனியாக ஒரு கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள், மற்ற இடத்தில் தோளும் முட்டியும் மறைய உடுத்த வேண்டும். சுடிதார், லுங்கி என்று போகிற நம் குடும்பங்களுக்கு இதில் எந்தச் சங்கடமும் இல்லை.

எனக்கு யோசனை சொன்னவர் அருமனைப் பக்கத்து அக்கா ஒருவர். அங்கே ஒரு தீவில் எட்டு வருடம் டீச்சராக இருந்தவர். "பிள்ளையளும் வயசானவங்களும் இருந்தா ஊர்த் தீவுக்குப் போ. ஒண்ணுன்னா ஆஸ்பத்திரியும் கடையும் நடக்குற தூரத்துல இருக்கும்" என்றார். அப்படியே செய்தோம். குறை சொல்ல ஒன்றும் இல்லை. மகனுக்கு ஒரு ராத்திரி காய்ச்சல் அடித்தபோது மருந்துக்கடைக்கு நடந்தே போனேன்.

4. விலை: திரையில் தெரிவது முழு விலை இல்லை

தளங்களில் அறை விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், அதன் மேல் இன்னும் இரண்டு வகைத் தொகை ஏறும் என்று அர்த்தம்: 10 சதவீத சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகைக்கு 17 சதவீத சுற்றுலா வரி. இந்த வரி 2025 ஜூலையில் 16-லிருந்து 17 ஆனது. இது போக, கிரீன் டாக்ஸ் தனி. 2025 தொடக்கத்திலிருந்து ரிசார்ட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர், ஊர்த் தீவுகளில் உள்ள சிறிய விடுதிகளில் 6 டாலர். இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இல்லை.

எங்கள் கணக்கையே காட்டுகிறேன். ஒரு அறை இரவுக்கு 70 டாலர். இரண்டு அறை, நான்கு இரவு: 560 டாலர். இதைத்தான் நான் என் கணவரிடம் சொல்லி வைத்திருந்தேன். சேவைக் கட்டணம் 56 சேர்ந்து 616. அதற்கு வரி ஏறக்குறைய 105, ஆக 721. கிரீன் டாக்ஸ் ஐந்து பேருக்கு நான்கு நாள், 120 டாலர். மொத்தம் 841. திரையில் பார்த்த விலையின் ஒன்றரை மடங்கு.

அதனால் விடுதிக்காரருக்கு ஒரே கேள்வியை எழுதி அனுப்புங்கள்: "எல்லா வரியும் கிரீன் டாக்ஸும் சேர்த்து, எங்கள் இத்தனை பேருக்கு மொத்தம் எவ்வளவு? படகு சேர்ந்ததா?" பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் விடுதிக்காரர் ஒரு மணி நேரத்தில் விவரமாகப் பதில் அனுப்பினார். பதிலில் மழுப்புகிற இடத்தை விட்டுவிடுங்கள்.

இங்கேயே ஒரு டிராவல்ஸில் மொத்த பேக்கேஜாக எடுத்தால் டிசிஎஸ் என்று ஒரு வரி பிடிப்பார்கள். பான் எண் கொடுத்திருந்தால் வருமான வரிக் கணக்கு காட்டும்போது அதைத் திரும்பப் பெறலாம். ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.

விமானக் கட்டணம் தூரத்துக்குப் பொருந்தாமல் அதிகமாகத் தெரியும். மாலத்தீவிலிருந்து வெளியேறும் வெளிநாட்டுப் பயணிக்குச் சாதாரண வகுப்பில் 50 டாலர் புறப்பாட்டு வரி, அதே அளவு விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணம் என்று 2024 டிசம்பரிலிருந்து உயர்த்திவிட்டார்கள். இரண்டும் டிக்கெட்டிலேயே சேர்ந்து வரும், தனியாகக் கட்ட வேண்டாம்.

5. விமான நேரத்தைப் படகு நேரத்தோடு சேர்த்துப் பாருங்கள்

இந்தப் பகுதியை மட்டுமாவது இரண்டு தடவை படியுங்கள்.

மாலே விமான நிலையம் இருப்பதே ஒரு தனித் தீவில். அங்கே இறங்கினால் நீங்கள் பாதி வழிதான் வந்திருக்கிறீர்கள். அதற்கு அப்புறம் மூன்று வழி உண்டு.

கடல் விமானம்: தூரத்து ரிசார்ட்டுகளுக்கு. பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலை மூன்றரை, நாலு மணிக்கு மேல் இறங்கினால் அன்று கிடைக்காது. போக வர ஆளுக்கு 400 டாலரைத் தாண்டுவது சாதாரணம், பெட்டி எடைக்கும் கண்டிப்பான அளவு உண்டு.

ஸ்பீட்போட்: ஊர்த் தீவுகளுக்குப் பொதுவான வழி. மாஃபுஷி போன்ற பக்கத்துத் தீவுக்கு அரை மணி நேரத்துக்குச் சற்று மேலே, ஆளுக்கு 20, 25 டாலர். நாங்கள் போன உகுல்ஹாஸுக்கு ஒன்றரை மணி நேரம், பெரியவர்களுக்கு ஒரு வழிக்கு 50 டாலர். ஐந்து பேருக்குப் போக வரக் கணக்குப் போட்டால் அறை வாடகைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

அரசு ஃபெரி: மிக மலிவு, சில டாலர்தான். மாஃபுஷிக்கு ஒன்றரை மணி நேரம். ஆனால் வெள்ளிக்கிழமை ஓடாது, விமான நிலையத்திலிருந்து மாலே நகரத்துக்குப் போய் அங்கே ஏற வேண்டும். பெட்டி, பிள்ளை, வயதானவர் என்று இருந்தால் நான் சொல்ல மாட்டேன். இளைஞர்கள் தாராளமாகப் போகலாம்.

எங்களுக்கு நடந்தது இது. விமானம் இரண்டரை மணிக்கு இறங்க வேண்டும், எங்கள் தீவுக்குக் கடைசிப் படகு நாலு மணிக்கு. ஒன்றரை மணி நேரம் தாராளம் என்று நினைத்தேன். விமானம் முக்கால் மணி நேரம் தாமதம். குடிவரவு வரிசையில் நாற்பது நிமிடம். பெட்டி வர இன்னும் இருபது நிமிடம். வெளியே வந்தால் படகு போய்விட்டது. மகள் படகுத்துறைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, போகிற ஒவ்வொரு படகையும் "அதா நம்மளது?" என்று கேட்டுக்கொண்டே நின்றாள். விமான நிலையத்தோடு சாலையால் இணைந்திருக்கும் ஹுல்ஹுமாலே தீவுக்கு டாக்ஸி பிடித்து அங்கே அறை எடுத்தோம். உகுல்ஹாஸில் கட்டியிருந்த முதல் ராத்திரிப் பணம் திரும்ப வரவில்லை.

அதனால் விமானம் இறங்கும் நேரத்துக்கும் கடைசிப் படகுக்கும் நடுவே குறைந்தது மூன்று மணி நேரம் விடுங்கள். காலை விமானம் கிடைக்கும் நாளைத் தேடுங்கள். நேரடி விமானம் எல்லா நாளும் இருக்காது, நேரமும் நாளுக்கு நாள் மாறும். முதலில் தீவையும் படகு நேரத்தையும் விடுதிக்காரரிடம் கேட்டு எழுதிக்கொண்டு, அதற்குப் பொருந்துகிற நாளில் டிக்கெட் எடுங்கள். நான் டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டேன், மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஏற்ப வளைக்க வேண்டியதாகிவிட்டது. மாலையில் இறங்குகிற விமானம்தான் கிடைக்கிறது என்றால், முதல் இரவை ஹுல்ஹுமாலேவில் என்று திட்டத்திலேயே வைத்துவிடுங்கள், அல்லது மாஃபுஷி மாதிரி இரவிலும் படகு ஓடுகிற பக்கத்துத் தீவாகப் பாருங்கள்.

மாலத்தீவு நேரம் நம் நேரத்துக்கு அரை மணி பின்னால். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம்.

6. ஐமுகா படிவம்: இலவசம், 96 மணி நேரத்துக்குள்

விமானம் கிளம்புவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் மாலத்தீவு குடிவரவுத் துறையின் ஐமுகா தளத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பயணி அறிவிப்புப் படிவம் நிரப்ப வேண்டும். கைக்குழந்தைக்கும் தனியாக. திரும்பி வரும்போதும் இதே மாதிரி ஒன்று. இரண்டுக்கும் காசு கிடையாது.

கூகுளில் தேடினால் மேலே வருகிற சில தளங்கள் அரசாங்கத் தளம் போலவே இருக்கும், கடைசிப் பக்கத்தில் கார்டு எண் கேட்கும். நான் ஐந்து பேருக்கும் கட்டிவிட்டேன். உண்மையான தளத்தின் முகவரி ஜிஓவி டாட் எம்வி என்று முடியும், எந்தப் பக்கத்திலும் பணம் கேட்காது. பணம் கேட்டால் உடனே மூடிவிட்டு வெளியே வாருங்கள்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: பாஸ்போர்ட்டின் முதல் பக்கப் படம், வெள்ளைப் பின்னணியில் முகப் படம், விமான எண், விடுதியின் பெயர். நிரப்பியதும் கியூஆர் குறியீடு வரும். அதைப் போனில் வைத்துக்கொண்டு, ஒரு தாளிலும் அச்சடித்து வையுங்கள். திருவனந்தபுரம் கவுன்டரிலேயே இதைக் கேட்டார்கள்.

அதே உறையில் திரும்பும் டிக்கெட்டும் விடுதிப் பதிவும் இருக்கட்டும். பிள்ளைகளோடு தாயோ தகப்பனோ ஒருவர் மட்டும் போவதாக இருந்தால், மற்றவரின் சம்மதக் கடிதம், அவர் பாஸ்போர்ட் நகல், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் நகல் மூன்றையும் சேர்த்து வைப்பது நல்லது.

7. பணம்

நூறு டாலர் நோட்டாக வாங்காதீர்கள். ஐந்து, பத்து, இருபதாகக் கேட்டு வாங்குங்கள். கிழியாத, கறை இல்லாத நோட்டாக இருக்க வேண்டும். உரிமம் உள்ள இடத்தில் பாஸ்போர்ட், பான், டிக்கெட் நகல் காட்டினால் தருவார்கள். விமான நிலையத்தில் மாற்றினால் விலை கூடுதல். டெபிட், கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் திறந்துவிடுங்கள், பல கார்டுகளில் அது மூடியே வரும். விடுதியும் படகும் டாலரில். மளிகைக் கடை, டீக்கடை மட்டும் அந்த நாட்டுப் பணமான ருஃபியாவில். ருஃபியாவை மிச்சம் வைக்காதீர்கள், ஊருக்கு வந்தால் மாற்ற முடியாது.

8. பெட்டியில் எது வேண்டாம், எது வேண்டும்

வேண்டாதவை முதலில். மது, பன்றி இறைச்சி, வேப் சிகரெட், வழிபாட்டுக்கான சிலைகள். மாமியார் எங்கே போனாலும் சின்னப் பித்தளைப் பிள்ளையாரை எடுத்துப் போவார், வீட்டில் வைத்துவிட்டு வரச் சம்மதிக்க வைத்தோம். திருவனந்தபுரத்தில் டியூட்டி ஃப்ரீயில் பாட்டில் வாங்கிப் போகிறவர்களிடம் மாலே சுங்கத்தில் அதை வாங்கி வைத்துக்கொண்டு ரசீது தருவார்கள், திரும்பும்போதுதான் கிடைக்கும். ட்ரோனுக்குத் தனி அனுமதி வேண்டும்.

மருந்து: தினமும் சாப்பிடுகிற மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரைகளுக்குச் சீட்டு இல்லாமல் போகவே கூடாது. வாந்தி வருகிறவர்களுக்கான மாத்திரையும் வேண்டும். ஸ்பீட்போட்டில் முன்பகுதி தூக்கிப் போடும், வயதானவர்களைப் பின்பக்கம் உட்கார வையுங்கள்.

பவளப்பாறைத் துண்டுகள் காலைக் கிழிக்கும். எல்லோருக்கும் தண்ணீரில் போடுகிற ரப்பர் செருப்பு வாங்குங்கள். நீந்தத் தெரியாதவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் விடுதியில் கிடைக்குமா, பிள்ளைகளின் அளவில் உண்டா என்று முன்னாலேயே கேளுங்கள். முழுக்கை நீச்சல் உடை பிள்ளைகளின் முதுகைக் காப்பாற்றும். நம் ஊர் வெயிலுக்குப் பழகியவர்கள்தானே என்று விட்டேன், மகனுக்குத் தோள் உரிந்துவிட்டது. மூன்று பட்டை முள் உள்ள பிளக் மாற்றி ஒன்றும் தேவை.

9. கிளம்பும் நாள்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் எழுபது கிலோமீட்டர்தான். ஆனால் களியக்காவிளை தாண்டியதும் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலில் எவ்வளவு நேரம் போகும் என்று சொல்ல முடியாது. காரில் என்றால் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னால் இருக்க வேண்டும். ஆக, பத்து மணி விமானத்துக்கு நாலு மணிக்கு வீட்டை விட்டு இறங்குவதுதான் சரி. ரயிலில் வந்தால் சென்ட்ரலிலிருந்து ஆட்டோ தூரம்.

டிரைவரிடம் "இன்டர்நேஷனல் டெர்மினல், சாக்கை பக்கம்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். உள்நாட்டு டெர்மினல் சங்குமுகம் பக்கம், ஓடுபாதையின் அந்தப் புறம். மாறிப் போனால் சுற்றி வர வேண்டும்.

10. அங்கே இறங்கிய பிறகு

வெளியே வந்ததும் விடுதிக்காரர் பெயர் அட்டையோடு நிற்பார். திராகு, ஊரிடூ சிம் அங்கேயே கிடைக்கும். ஒன்று வாங்கினால் போதும், விடுதியில் வைஃபை உண்டு.

சாப்பாடு நமக்கு அந்நியம் இல்லை. காலையில் மாஸ் ஹுனி தருவார்கள்: சூரை மீனை உதிர்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை போட்டுப் பிசைந்தது. தொட்டுக்கொள்ள ரொஷி, நம் சப்பாத்தி மாதிரி. நாம் மாசி என்று சொல்கிற கருவாடு அங்கேயும் உண்டு. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் விடுதிக்கு முன்னாலேயே எழுதுங்கள், பருப்பும் காய்கறிக் கறியும் செய்து தருவார்கள்.

சுற்றுப் படகுப் பயணங்களை இங்கிருந்தே பணம் கட்டிப் பதிவு செய்யாதீர்கள். அங்கே போய் அன்றைய காற்றைப் பார்த்து முடிவு செய்யலாம். எங்களுக்கு இரண்டாம் நாள் மணல்திட்டுக்குப் போகிற படகு ரத்தாகி, நான்காம் நாள் போனோம்.

மாமியார் பிறந்தது கடலோரம், ஆனாலும் கணுக்காலுக்கு மேல் கடலில் இறங்கியதே இல்லை. முதல் நாள் சேலையோடு கரையிலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் நின்று குனிந்து பார்த்தார். நீலமும் மஞ்சளுமாக ஏழெட்டு மீன்கள் அவர் சேலைக் கொசுவத்தைச் சுற்றி வந்து முகர்ந்துவிட்டுப் போயின. "மக்ளே, இது நம்ம கடல்தானா?" என்றார். அரை மணி நேரம் கரைக்கு வரவே இல்லை. பெரியவர்களை வீட்டில் விட்டுப் போக நினைக்கிறவர்கள் கூட்டிக்கொண்டு போங்கள்.

பவளப்பாறை சூழ்ந்த ஆழம் குறைந்த கடலான லகூனுக்குள் அலை இல்லை என்றாலும் பவளப்பாறை விளிம்பில் இழுப்பு உண்டு. உள்ளூர் ஆள் கூட இல்லாமல் அந்த விளிம்புக்குப் போகக் கூடாது.

11. திரும்பும் நாள்

விமானத்துக்கு நான்கு மணி நேரம் முன்னாலாவது மாலே சேருகிற படகைப் பிடியுங்கள். காற்று அதிகமானால் முதலில் நிற்பது படகுதான். எங்கள் விமானம் மதியத்துக்கு மேல், படகு காலை ஆறரைக்கு. திரும்பும் ஐமுகா படிவத்தை முந்தின இரவே விடுதி வைஃபையில் நிரப்பிவிட்டேன்.

பவளத் துண்டு, ஆமை ஓடு எதையும் நாட்டை விட்டுக் கொண்டுவரக் கூடாது. கடையில் விற்றாலும் வாங்க வேண்டாம். பிள்ளைகளின் பை, கால்சட்டைப் பை எல்லாவற்றையும் படகு ஏறும் முன்னால் பாருங்கள். மகனின் செருப்புப் பைக்குள் வெள்ளைப் பவளத் துண்டு ஒன்பது இருந்தது. படகுத்துறையில் நின்று ஒவ்வொன்றாகத் திரும்பத் தண்ணீரில் போட்டான்.